மேஜைக்கடியில் இருந்த எஸ்விஎன் சர்வரைக் கிட்டுக்கு மாற்றியது எப்படி

எங்கள் சம்பள மென்பொருளில் 6500 என்ற எண்ணை நேரடியாக எழுதிய ஒரு வரி உண்டு. புதிதாக வேலைக்குச் சேரும் எந்தப் பையனுக்கும் அதைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. "அக்கா, பிஎஃப் வரம்பு 15,000 தானே? இது பழசு, மாத்திடட்டுமா?" என்று வந்து நிற்பான். மாற்றக் கூடாது. பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) கணக்கில் எடுக்கும் மாதச் சம்பள வரம்பு 15,000 ரூபாய் ஆனது 2014 செப்டம்பர் 1 முதல். அதற்கு முந்தைய மாதங்களுக்கு அரியர் போட நேர்ந்தால் பழைய எண்தான் வேண்டும். இந்த விவரம் நிரலுக்குள் எங்கும் இல்லை. அந்த வரியைத் தொட்டவர் கமிட் செய்தியில் (மாற்றத்தைப் பதிவு செய்யும்போது எழுதும் குறிப்பில்) இரண்டு வாக்கியம் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். நிரலின் மாற்ற வரலாற்றைக் காக்கும் பழைய கருவியான எஸ்விஎன்னில் (Subversion) பிளேம் போட்டால்தான், அதாவது எந்த வரியை யார் எப்போது மாற்றினார் என்று கேட்டால்தான், தெரியும்.

அதனால்தான், "பழசெல்லாம் எதுக்கும்மா? கடைசியா இருக்கறத மட்டும் கிட்ல போட்டு ஆரம்பிச்சிடு" என்று முதலாளி சொன்னபோது நான் தலையாட்டவில்லை. கிட் (Git) அதே வேலையைச் செய்யும் புதிய கருவி. சின்ன வெப்சைட், இரண்டு வருஷ வரலாறு என்றால் அவர் சொன்னது நல்ல யோசனைதான். பழைய சர்வரைப் படிக்க மட்டும் வைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். எங்களுடையது திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குச் சம்பளம், பீஸ் ரேட், பிஎஃப், இஎஸ்ஐ எல்லாம் போடுகிற மென்பொருள். 2008-இல் தொடங்கிய ரெப்போ (நிரலும் அதன் வரலாறும் இருக்கும் கிடங்கு), 18 ஆயிரத்துச் சொச்சம் ரிவிஷன் (எண்ணிட்ட மாற்றம்). சர்வர் இருந்தது கணக்குப் பார்ப்பவரின் மேஜைக்கடியில், யுபிஎஸ் பக்கத்தில். பெருக்க வரும் அம்மா இரண்டு முறை பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார்.

இந்த மாற்றத்தை நான் மூன்று முறை ஒத்திகை பார்த்து, நான்காவது முறைதான் நிஜமாகச் செய்தேன். நீங்களும் ஒரே முறையில் முடிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். கட்டளைகளைப் பெயர் சொல்லிக்கொண்டே போகிறேன். முழு வரியையும் உதவிப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நகலில்தான் கை வைக்க வேண்டும்

முதல் ஒத்திகையில், எஸ்விஎன் ரெப்போவைக் கிட்டாக மாற்றித் தரும் கிட் எஸ்விஎன் குளோனை என் கணினியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க் வழியாக ஓட்டினேன். அது ஒவ்வொரு ரிவிஷனையும் தனித்தனியாக சர்வரிடம் கேட்டு வாங்கும். இரண்டு இரவு ஓடியது, ஒன்பதாயிரத்தைத் தாண்டிய இடத்தில் செத்தது. இப்படி நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம், கிட் எஸ்விஎன் ஃபெட்ச் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் அதைவிட நல்ல வழி இருக்கிறது. எஸ்விஎன்அட்மின் ஹாட்காப்பி போட்டு மொத்த ரெப்போவையும் ஒரு லினக்ஸ் கணினிக்கு நகலெடுத்து, அங்கேயே ஃபைல் முகவரியில் (file://) படித்துக் குளோன் செய்யுங்கள். எனக்கு மதியம் ஆரம்பித்தது இரவுச் சாப்பாட்டுக்குள் முடிந்தது.

லினக்ஸ் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் ரெப்போவில் ஏதோ ஒரு காலத்தில் ரிப்போர்ட்ஸ் என்ற ஃபோல்டர் பெரிய எழுத்தில் ஒன்றும் சின்ன எழுத்தில் ஒன்றுமாக இரண்டு இருந்தன. விண்டோஸுக்கு இரண்டும் ஒன்றுதான், ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். லினக்ஸில் அந்தச் சண்டை இல்லை.

ஃபைல் முகவரியில் படிக்கும்போது ரீரைட் ரூட் என்ற விருப்பத்தில் சர்வரின் உண்மையான முகவரியைக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு கமிட்டின் அடியிலும் உங்கள் கணினியின் ஃபோல்டர் பெயர் காலத்துக்கும் உட்கார்ந்திருக்கும்.

கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. டிரங்க் (முதன்மை நிரல்), பிராஞ்சஸ் (கிளைகள்), டேக்ஸ் (வெளியீடுகளின் அடையாளங்கள்) என்று ஒழுங்காக அமைந்த ரெப்போவுக்கு கிட் எஸ்விஎன் போதும், ஸ்டாண்டர்ட் லேஅவுட் என்று சொல்லிவிட்டால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். அமைப்பு நடுவில் மாறியிருந்தால், ஒரே ரெப்போவில் பத்து ப்ராஜெக்ட் இருந்தால், கேடிஇ (லினக்ஸ் டெஸ்க்டாப் மென்பொருள்) ஆட்கள் தங்கள் சொந்த மாற்றத்துக்கு எழுதிய எஸ்விஎன்2கிட் நல்லது. எந்தப் பாதை எந்த பிராஞ்சுக்குப் போக வேண்டும் என்று விதிகள் எழுதிக் கொடுத்தால் மின்னல் வேகத்தில் ஓடும். அதே பெயரில் ரூபியில் எழுதிய வேறொன்றும் இருக்கிறது, குழப்பிக்கொள்ள வேண்டாம். எரிக் ரேமண்டின் ரெப்போசர்ஜன் இதற்கெல்லாம் மேலே. ஜிசிசி கம்பைலர் 2020 ஜனவரியில் எஸ்விஎன்னை விட்டுக் கிட்டுக்கு வந்தது அதன் மூலம்தான். அந்த வரலாற்றின் கனம் தாங்காமல், பைதானில் இருந்த கருவியையே கோ மொழியில் திருப்பி எழுத வேண்டியதாயிற்று. நம் வீட்டுக் கிணற்றைத் தூர்வார அவ்வளவு பெரிய இயந்திரம் தேவைப்படாது.

பெயர்ப் பட்டியல்: பாதி வேலை இங்கேதான்

எஸ்விஎன்னில் கமிட் செய்தவர் பெயர் ஒற்றைச் சொல், லாகின் பெயர். கிட்டுக்கு முழுப் பெயரும் மின்னஞ்சலும் வேண்டும். அதற்காக ஒரு கோப்பு தயாரிக்க வேண்டும். வரிக்கு ஒருவர், இடப்பக்கம் பழைய லாகின், சமக்குறி, வலப்பக்கம் பெயரும் கோண அடைப்புக்குள் மின்னஞ்சலும். எஸ்விஎன் லாகை சுருக்கமாக எடுத்து, நிமிர்ந்த கோடுகளுக்கு நடுவே இரண்டாவதாக வருவதை மட்டும் பிரித்து, ஒரே பெயர் இரண்டு முறை வராமல் அடுக்கினால் பட்டியல் கிடைக்கும். ஒரே ஒரு பெயர் விட்டுப்போனாலும் குளோன் அந்த ரிவிஷனில் நின்றுவிடும்.

நாங்கள் ஒன்பது பேர். பட்டியலில் வந்தது 31. கேள்விப்பட்டிராத பெயர்கள், வேலையை விட்டுப் பத்து வருஷமானவர்கள், 'அட்மின்', 'சிஸ்டம்5', அடைப்புக்குறியோடு 'நோ ஆத்தர்'. கடைசியாகச் சொன்னது யாருடைய பெயரும் இல்லை. லாகின் இல்லாமலே எழுதவிட்ட காலத்தில் போட்ட கமிட்டுகளுக்கு கிட் எஸ்விஎன் வைக்கிற பெயர் அது. அதற்கும் பட்டியலில் ஒரு வரி வேண்டும்.

தலைவலி 'டிரெய்னி3'. வருஷா வருஷம் வரும் பயிற்சியாளர்களுக்கு அதே லாகினைத் தந்திருக்கிறார்கள். 2011-இல் ஒருவர், 2013-இல் ஒருவர், 2016-இல் ஒருவர். பட்டியல் கோப்பில் ஒரு லாகினுக்கு ஒரு ஆள்தான், தேதி பார்த்துப் பிரிக்க வழியில்லை. ஆகவே நகலெடுத்த ரெப்போவிலேயே கை வைத்தேன். எஸ்விஎன்அட்மின் செட்ரெவ்ப்ராப் கட்டளையால் ஒரு ரிவிஷனின் ஆத்தர் பெயரை மாற்றலாம். 2013-இல் வந்தவற்றை டிரெய்னி3பி என்றும் 2016-இல் வந்தவற்றை டிரெய்னி3சி என்றும் மாற்றினேன், சின்ன ஸ்கிரிப்ட்தான். புதுப் பெயரை ஒரு கோப்பில் எழுதித் தர வேண்டும். அந்தக் கோப்பின் முடிவில் எக்கோ கட்டளை போட்ட ஒரு புது வரிக்குறி ஒட்டிக்கொண்டிருந்தது, அதுவும் பெயரோடு போய்விட்டது. பட்டியலில் பெயர் இருக்கிறது, ஆனால் பெயர் இல்லை என்று குளோன் நிற்கிறது. ஒரு மத்தியானம் போச்சு. எக்கோவுக்குப் பதில் பிரின்ட்எஃப் பயன்படுத்துங்கள்.

யார் எந்த வருஷம் என்று கண்டுபிடிக்க ஃபோன்தான் வழி. அந்த 2011 டிரெய்னி இப்போது பல்லடத்தில் பேக்கரி வைத்திருக்கிறார்.

"அண்ணா, அப்போ ஓவர்டைம் ரிப்போர்ட் எழுதினது நீங்கதானே?"

"ஆமாங்க. ஏன், அது இன்னுமா ஓடுது?"

"ஓடுதுங்கண்ணா."

"அதுல ஞாயித்துக்கிழமை கணக்கு தப்பும்மா. நான் அப்பவே சொன்னேன், யாரும் கேக்கல."

கமிட் செய்தியிலும் அப்படித்தான் இருந்தது: 'ஞாயிறு பிறகு பார்க்க வேண்டும்'. பதிவேட்டில் ஒரு புது பக் எழுதிக்கொண்டேன்.

போனவர்களுக்கு மின்னஞ்சல் என்ன போடுவது? பழைய கம்பெனி முகவரியையே போடுங்கள், உயிரோடு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அவர்களைக் கேட்காமல் சொந்த முகவரியைப் போடுவது முறையில்லை, ஒருமுறை வரலாற்றில் ஏறினால் லேசில் இறங்காது.

ரிவிஷன் எண்ணைத் தூக்கி எறியாதீர்கள்

நிறைய வழிகாட்டிகளில் நோ மெட்டாடேட்டா என்ற விருப்பத்தைப் போடச் சொல்வார்கள். கமிட் செய்தியின் கடைசியில் கிட்-எஸ்விஎன்-ஐடி என்று ஒரு வரி வரும், அது பார்க்க அசிங்கமாக இருக்கிறதாம். அசிங்கமாகவே இருக்கட்டும். எங்கள் பக் பதிவேடு முழுக்க 'ஆர்8412-இல் சரிசெய்தது' என்றுதான் எழுதியிருக்கிறது. கஸ்டமருக்கு அனுப்பிய கடிதங்களிலும் அதே எண். அந்த அசிங்கமான வரியில் 8412 என்ற எண் அப்படியே இருக்கும், கிட் லாகில் கிரெப் (தேடல்) போட்டு ஒரு நொடியில் எடுத்துவிடலாம். வரியை நீக்கினால் அத்தனை குறிப்பும் அநாதை.

டேகுக்குள் ஒளிந்திருந்த ஜிஎஸ்டி

எஸ்விஎன்னில் டேக் என்பது வெறும் ஃபோல்டர் நகல். யாரும் அதற்குள் போய்க் கமிட் செய்யக் கூடாது என்பது பழக்கம், பூட்டு எதுவும் கிடையாது. கிட் எஸ்விஎன்னுக்கு இது தெரியும், அதனால் டேகுகளை எல்லாம் ரிமோட் பிராஞ்சுகளாகத்தான் கொண்டுவந்து வைக்கும். ஒவ்வொன்றையும் உண்மையான கிட் டேகாக மாற்றி, பழைய ரிமோட் குறிப்பை அழிப்பது உங்கள் வேலை. பிராஞ்சுகளையும் அதேபோல் உள்ளூர் பிராஞ்சாக ஆக்க வேண்டும். இதை மறந்துவிட்டு அந்த ரெப்போவை இன்னொரு இடத்துக்குக் குளோன் செய்தால் டிரங்க் மட்டும்தான் வந்து சேரும். இரண்டாம் ஒத்திகையில் எனக்கு அதுதான் நடந்தது.

மாற்றுவதற்கு முன், ஒவ்வொரு டேகிலும் எத்தனை கமிட் தனியாக நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒன்று என்றால் சரி, அது நகலெடுத்த கமிட். எங்களிடம் 2017 ஜூலை வெளியீட்டு டேகில் பதினொன்று இருந்தன. ஜிஎஸ்டி அமலானது அந்த ஜூலை 1-ஆம் தேதி. ஜாப் ஒர்க் பில்லில் வரி தப்பு என்று ஃபோன் மேல் ஃபோன். யாரோ அவசரத்தில் டேகையே செக்அவுட் செய்து அதிலேயே திருத்தி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதில் மூன்று திருத்தம் டிரங்குக்கு வரவே இல்லை. இப்படிப்பட்டதை டேகாக மாற்றாமல் பிராஞ்சாகவே வைத்துக்கொண்டு, டேகை முதல் கமிட்டில் குத்தினேன்.

பெயருக்குப் பின்னால் @ போட்டு ஒரு எண்ணோடு சில பிராஞ்சுகள் வந்திருக்கும். பிராஞ்சை அழித்துவிட்டு அதே பெயரில் திரும்ப உருவாக்கினாலோ, ஃபோல்டரை இடம் மாற்றினாலோ அப்படி வரும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, தேவையில்லை என்று உறுதியானால் அழித்துவிடலாம்.

எடை குறைத்தல், கடவுச்சொல் எடுத்தல்

எஸ்விஎன்னில் செக்அவுட் செய்தால் கடைசி நிலை மட்டும் வரும். கிட்டில் மொத்த வரலாறும் ஒவ்வொருவர் லேப்டாப்புக்கும் வரும். அதனால் 2010-இல் யாரோ போட்டு அடுத்த நாளே அழித்த 180 எம்பி இன்ஸ்டாலர் இப்போது எல்லாருக்கும் பாரம். கிட்ஹப்பில் வைப்பதாக இருந்தால் 100 எம்பிக்கு மேலுள்ள கோப்பை அது ஏற்கவே ஏற்காது.

இதற்கு, வரலாற்றிலிருந்தே கோப்புகளை நீக்கும் கிட் ஃபில்டர்-ரெப்போ. பழைய ஃபில்டர்-பிராஞ்சைத் தொடாதீர்கள், கிட்டின் உதவிப் பக்கமே வேண்டாம் என்கிறது. முதலில் அனலைஸ் போட்டால் எந்தக் கோப்பு எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று அறிக்கை தரும். எங்களுடையதில் முதல் இருபது இடமும் ரிப்போர்ட் கருவியின் இன்ஸ்டாலர்களும் ஒரு கஸ்டமரின் டேட்டாபேஸ் பேக்கப்பும். மற்றவர்களின் சம்பள விவரம் நம் ரெப்போவில் பன்னிரண்டு வருஷமாக இருந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. பாதையைச் சொல்லி நீக்கினேன். மூன்று ஜிபி சொச்சம் இருந்தது 400 எம்பிக்கு வந்தது.

கடவுச்சொற்களுக்கு ரீப்ளேஸ்-டெக்ஸ்ட். அடையாளம் தெரிந்த ஒவ்வொரு சொல்லையும் ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்தால் வரலாறு முழுக்கத் தேடி அழிக்கும். அழித்துவிட்டோமே என்று இருந்துவிடாமல் அந்தக் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள், பழைய எஸ்விஎன் நகல் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும். இந்த வேலை எல்லாமே கமிட்டுகளின் ஹாஷை (ஒவ்வொன்றுக்கும் உள்ள அடையாளக் குறியை) மாற்றிவிடும். ஆகவே மற்றவர்கள் குளோன் செய்வதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

சில்லறை விஷயங்கள்

எஸ்விஎன் இக்னோர் அமைப்புகளை (கண்டுகொள்ள வேண்டாத கோப்புகளின் பட்டியலை) கிட் எஸ்விஎன் ஷோ-இக்னோர் என்று கேட்டால் தரும், அதை கிட்இக்னோர் கோப்பில் போடுங்கள். எக்ஸ்டெர்னல்ஸ் (வேறிடத்திலிருந்து இணைத்த ஃபோல்டர்கள்) வராது. பிரின்டர் லைப்ரரி ஒன்றை அப்படி இணைத்திருந்தோம். சப்மாட்யூல் (ரெப்போவுக்குள் இன்னொரு ரெப்போ) ஆக்கலாம் என்பார்கள், கிட் என்பதே புதிதாக இருக்கும் ஆட்களிடம் சப்மாட்யூலையும் தருவது கொடுமை. கோப்புகளை ரெப்போவுக்குள்ளேயே நகலெடுத்துப் போட்டுவிட்டேன்.

வெற்று ஃபோல்டரை கிட் கண்டுகொள்ளாது. எங்கள் நிரல் பிடிஎஃப்களை எழுதும் ஃபோல்டர் ரெப்போவில் காலியாக இருந்தது. மாறிய பிறகு முதல் பேஸ்லிப் அடிக்கும்போதே அடி வாங்கியது. ப்ரிசர்வ் எம்ப்டி டைர்ஸ் என்ற விருப்பம் இருக்கிறது, அல்லது கையால் உள்ளே ஒரு சின்ன கோப்பு வைக்கலாம்.

வரிமுடிவுக் குறிகள் விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் வேறு. கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் டெக்ஸ்ட் ஆட்டோ என்று எழுதி, ஆட் கட்டளையோடு ரீநார்மலைஸ் சேர்த்து ஒரே கமிட்டாகப் போடுங்கள், வேறு எதையும் அதில் கலக்காமல். பிளேம் போடும்போது எல்லா வரியும் உங்கள் பெயரில் வந்து மானம் போகும், அந்தக் கமிட்டின் ஹாஷை இக்னோர்-ரெவ்ஸ் கோப்பில் சேர்த்தால் சரியாகிவிடும். இது கிட் 2.23 முதல் உண்டு.

தமிழில் பெயர் வைத்த கோப்புகள் இருந்தால் கிட் ஸ்டேட்டஸில் அவை \340\256\232 என்று எண்களாகத் தெரியும். 'சம்பளப்பட்டியல்' இப்படி வந்ததைப் பார்த்து ஒரு பையன் வைரஸ் என்று நினைத்துவிட்டான். கோர் க்வோட்பாத் (core.quotepath) என்ற அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினால் தமிழ் தமிழாகவே வரும். பேஸ்லிப் வடிவங்கள் சில பாமினி எழுத்துருவில் இருந்தன, இதோடு யூனிகோடுக்கும் மாற்றிவிடலாமா என்று ஆசை வந்தது. அடக்கிக்கொண்டேன். எது உடைந்தாலும் மாற்றத்தால் உடைந்ததா, எழுத்துருவால் உடைந்ததா என்று பிரித்துப் பார்க்க முடியாது.

சரிபார்ப்பது

எஸ்விஎன் எக்ஸ்போர்ட் ஒரு ஃபோல்டரில், கிட் செக்அவுட் இன்னொன்றில், இரண்டுக்கும் நடுவே டிஃப் (வேறுபாடு காட்டும் கட்டளை). முதல் முறை பார்த்தபோது ஆயிரக்கணக்கில் வேறுபாடு. எல்லாம் $ குறிக்குள் எஸ்விஎன் தானே நிரப்பும் தேதியும் எண்ணும். எக்ஸ்போர்ட்டில் இக்னோர் கீவேர்ட்ஸ் சேர்த்ததும் நான்காகக் குறைந்தது, அந்த நான்கும் நான் நீக்கியவை. கடைசி நிலை ஒத்துப்போனால் போதாது. பழைய வெளியீடுகளில் ஐந்தாறு டேகுகளை எடுத்து அதே மாதிரி பாருங்கள், ஒன்றையாவது பில்ட் செய்து ஒரு மாதச் சம்பளம் போட்டுப் பாருங்கள். நான் அந்த 6500 வரியில் பிளேம் போட்டுப் பார்த்தேன். பெயர், தேதி, இரண்டு வாக்கியம், எல்லாம் வந்தது.

மாறும் நாள்

எங்கள் ஊரில் சனிக்கிழமை வாரச் சம்பளம். அன்று மாலைவரை கஸ்டமர் ஃபோன் நிற்காது. மாத முதல் வாரமும் ஆகாது, தீபாவளி போனஸ் சமயம் சொல்லவே வேண்டாம். ஆகவே மாத நடுவில் ஒரு ஞாயிறு. காலை ஆறு மணிக்கு எஸ்விஎன் சர்வரில் ப்ரீ-கமிட் ஹூக்கில் (கமிட் ஏறும் முன் தானே ஓடும் ஸ்கிரிப்ட்டில்), 'ரெப்போ மாறிவிட்டது, அக்காவைக் கேட்கவும்' என்று ஒரு செய்தியை எழுதி, எந்தக் கமிட்டும் ஏறாதபடி தோல்வி திருப்ப வைத்தேன். புது ஹாட்காப்பி, பெயர் திருத்தும் ஸ்கிரிப்ட், குளோன், டேகுகள், ஃபில்டர்-ரெப்போ, டிஃப், கடைசியில் புது சர்வருக்கு புஷ். ஒத்திகையில் எழுதி வைத்த கட்டளைகள் என்பதால் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இரவு எட்டரைக்கு வீட்டில் தோசை.

திங்கள்கிழமைதான் ஆட்டம். எஸ்விஎன்னில் கமிட் என்றால் சர்வருக்குப் போய்விட்டது என்று அர்த்தம். கிட்டில் புஷ் செய்யும்வரை அது உங்கள் கணினியைத் தாண்டாது. "கமிட் பண்ணிட்டேன்க்கா" என்று சொல்லிவிட்டு ஒருவன் ஊருக்குப் போய்விட்டான், லேப்டாப் அவனோடு காங்கேயம் பஸ்ஸில். இன்னொரு பொறி ரிவெர்ட். எஸ்விஎன்னில் ரிவெர்ட் கொடுத்தால் நாம் இன்னும் கமிட் செய்யாத மாற்றம் போய்விடும். கிட்டில் ரிவெர்ட் கொடுத்தால் ஏற்கெனவே போன கமிட்டைத் தலைகீழாக்கிப் புதுக் கமிட் ஒன்று போடும். எங்கள் சீனியர் மூன்று முறை அதைச் செய்து, மூன்று முறையும் அதையே ரிவெர்ட் செய்தார். லாகில் இன்னும் இருக்கிறது. இவற்றை ஒரு பக்கத்தில் எழுதி, பழைய பழக்கம் இடப்பக்கம், புதுக் கட்டளை வலப்பக்கம் என்று அச்சடித்து மானிட்டர் பக்கத்தில் ஒட்டினேன். பயிற்சி வகுப்பைவிட அதுதான் உதவியது.

பழைய சர்வரைப் படிக்க மட்டும் என்று ஒரு வருஷம் ஓடவிட்டேன். அதன்பிறகு எஸ்விஎன்அட்மின் டம்ப் எடுத்து இரண்டு ஹார்டு டிஸ்கில் போட்டேன். ஒன்று ஆபீஸ் பீரோவில், ஒன்று என் வீட்டில். மேஜைக்கடியில் இப்போது கால் நீட்ட இடம் இருக்கிறது என்று கணக்குப் பார்ப்பவருக்கு சந்தோஷம்.